குண்டு நெல் மூட்டை

இருட்டியதும் வாய்க்காலில் யாரோ வாய் கொப்பளிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. மடத்தில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். ஆள் யாரும் இல்லை. உடைந்த மதகு வழியாகக் கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

மடத்து நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் சீடர் நல்லசிவம், விதை மூட்டையைக் குருவின் முன்னால் தொப்பென்று போட்டார். அவருக்கு அறுபது வயது. குருவாக இருந்த அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

"உப்பைத் தாங்கற குண்டு நெல்லு தாயே. சும்மா குடுத்தாலும் வேண்டாமாம். சன்ன நெல்லைத்தான் விதைப்பாளாம். போன வருஷம் அத்தனையும் கருகிப்போச்சு, இன்னும் புத்தி வரலை. இந்த ஜனங்க ஏன் மாறவே மாட்டேங்கறாங்க?"

"யாரு?"

"நம்ம குத்தகைக்காரி செந்தாமரை."

"தூக்கிட்டு வாங்க. அவகிட்டயே கேட்போம்."

செந்தாமரை இடுப்பில் கைக்குழந்தையோடு தன் வீட்டு வாசலில் நின்றாள். மூட்டையைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"திரும்பவும் தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"உன் நல்லதுக்குத்தானேம்மா சொல்றேன்?"

"சொல்லுவீங்க. பக்கத்து வயல் வேதையன் அண்ணன் உங்க பேச்சைக் கேட்டு இதைத்தான் போட்டாரு. நல்லாத்தான் விளைஞ்சுது. குத்தகை அளக்கக் கொண்டாந்தப்ப என்ன சொன்னீங்க? அம்மாகிட்ட சொல்லுங்களேன்."

நல்லசிவம் குனிந்து மூட்டையின் முடிச்சை இறுக்கினார்.

"நான் சொல்றேம்மா. 'குண்டு நெல்லு மடத்துக்கு ஆகாது, சன்ன நெல்லாக் கொண்டா'ன்னாரு. அண்ணன் விளைஞ்சதை வந்த விலைக்குத் தள்ளிட்டு, வெளியில சன்ன நெல்லு வாங்கி அளந்தாரு. பாக்கி நின்னுச்சு, நிலத்தைப் புடுங்கிட்டீங்க. எனக்குச் சன்ன நெல்லு கருகிச்சு. உப்படிச்சுப் போச்சுன்னு பாதிக் குத்தகையைத் தள்ளுபடி பண்ணினீங்க. கருகினா விட்டுடறீங்க, விளைஞ்சா அடிக்கிறீங்க. இதுல யாருக்குப் புத்தி இல்லை? எனக்கும் நிலம் போச்சுன்னா இவனுக்கு என்னத்தைக் கரைச்சு ஊத்துவேன்? நீங்க வந்து ஊத்துவீங்களா?"

குழந்தை வீறிட்டது. அவள் குரல் தாழவில்லை.

குரு சீடரைப் பார்த்தார். "அளந்து வாங்கறவர் நீங்கதானே? இந்த வருஷம் குண்டு நெல்லாவே வாங்கிக்கறேன்னு சொல்லுங்க. நாளைக்கே விதை ஊற வைப்பா."

"இல்ல தாயே..." நல்லசிவம் பிடரியைச் சொறிந்தார். "மடத்துப் பந்தியில அந்தக் காலத்துல இருந்தே சன்ன அரிசிதான். திடீர்னு மாத்தினா சாப்பிட வர்றவங்க முகம் சுளிப்பாங்க. எனக்கே அது தொண்டையில இறங்காது. கொஞ்ச நாள் போகட்டும். நிதானமாப் பார்த்து..."

செந்தாமரை சிரித்தாள். துப்பியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

"மூட்டையைத் தூக்குங்க" என்றார் குரு.

"எங்கே தாயே?"

"மாற மாட்டேங்கறவங்க வீட்டுக்கு."

சொல்லிவிட்டு மடத்துச் சமையல்கட்டைப் பார்த்து நடந்தார்.

நல்லசிவம் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அங்கேயே நின்றார். செந்தாமரை கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.