ஹத்தா வீட்டு மூன்றாம் குவளை

இருந்தார்களோ இல்லையோ, கேட்பவர்களே, இருந்ததாகத்தான் மேற்கே மொராக்கோ தேசத்து மலைக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொன்னபடியே நானும் சொல்கிறேன். குளிருக்கு இதமாக நெருங்கி உட்காருங்கள்.

அட்லஸ் என்று பெயர்கொண்ட மலைத்தொடரில், இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ஒரு கணவாய். அந்தக் கணவாயின் உச்சியில் ஒற்றை வீடு. மண்சுவர், தட்டைக் கூரை, தாழ்ந்த வாசல். அந்த வீட்டில் ஹத்தா என்ற பெண்ணும் அவள் கணவன் மூஹாவும் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு ஆடுகள் சில, கோழிகள் சில, நிலம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் பெயர் மட்டும் கடற்கரைவரை போயிருந்தது.

ஏன் தெரியுமா? அந்த வழியே போன ஒருவர்கூட அங்கே தேநீர் குடிக்காமல் போனதில்லை.

சும்மா ஒரு வாய்த் தேநீர் இல்லை. மூன்று குவளை. முதல் குவளை குளிருக்கு, இரண்டாவது குவளை களைப்புக்கு, மூன்றாவது குவளை உறவுக்கு என்பார்கள் அந்த மலையில். மூன்றாவதைக் குடித்து முடிக்கும்வரை "நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய்" என்று யாரும் கேட்கமாட்டார்கள். குடித்து முடித்துவிட்டால், கணவாயைத் தாண்டும்வரை அவன் அந்த வீட்டின் ரத்தம். அவன்மேல் கை வைப்பவன் அந்த வீட்டின்மேல் கை வைத்தவன். அதேபோல, அந்த வீட்டில் மூன்றாவது குவளை குடித்தவன் அங்கே இருக்கும் யார்மேலும் கை ஓங்கவும் கூடாது. எழுதி வைக்காத சட்டம் அது. எழுதாததால் யாரும் அழிக்கவும் இல்லை.

ஒரு குளிர்காலப் பிற்பகல். வெண்பனி இறகு இறகாக இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஒருவன் வந்து நின்றான். இளைஞன். காலில் கட்டியிருந்த துணி நனைந்து உறைந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஸலாம் சொல்லக்கூட வாய் வரவில்லை.

"மர்ஹபா, மர்ஹபா! இறைவனின் விருந்தாளியே, உள்ளே வா" என்றாள் ஹத்தா. அவனைக் கம்பளத்தில் உட்காரவைத்து, கணப்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

பிறகு வேலையைத் தொடங்கினாள். அந்த வேலையைப் பார்க்கவேண்டும், கேட்பவர்களே! அவசரம் என்பதே அதில் இல்லை. உருண்டை உருண்டையாகச் சுருண்ட பச்சைத் தேயிலையை உள்ளங்கையில் அளந்து கெண்டியில் போட்டாள். கொதிநீர் ஊற்றி அலசி, கசப்பைக் கொட்டினாள். மறுபடி நீர் ஊற்றிக் கரியின்மேல் வைத்தாள். கூம்புபோல் வார்த்த சர்க்கரையைச் சின்னச் சுத்தியலால் தட்டி உடைத்தாள். கடைசியாகப் புதினா. வெளியே புல் பூண்டெல்லாம் பனியில் கருகிவிட்டிருந்தது. ஆட்டுக்கொட்டிலின் கதகதப்பில் ஒரு மண்சட்டியில் அவள் வளர்த்த புதினா மட்டும் பசுமையாக இருந்தது. அதில் ஒரு கைப்பிடி கிள்ளிப் போட்டதும் வீடெல்லாம் கோடைகாலம் வந்துவிட்டது.

கெண்டியைத் தலைக்குமேல் தூக்கி ஊற்றினாள். தேநீர் மெல்லிய கயிறுபோல இறங்கிச் சின்னக் கண்ணாடிக் குவளையில் விழுந்து நுரை கட்டியது. அந்த நுரையைத் 'தலைப்பாகை' என்பார்கள் அங்கே. தலைப்பாகை இல்லாத தேநீரை விருந்தாளிக்குக் கொடுப்பது அவமானம்.

முதல் குவளையில் அவன் பல் கிடுகிடுப்பது நின்றது. இரண்டாவது குவளையில் முதுகு சுவரில் சாய்ந்தது. மூன்றாவது குவளையைக் குடித்து முடித்ததும் அவன் கண்ணில் நீர் வந்தது.

"தாயே, என் பெயர் பாஸு. வடக்குப் பள்ளத்தாக்கு ஆட்டுக்காரன்" என்றான். "இலையுதிர் காலத்தில் ஊற்றங்கரையில் ஒரு சண்டை. யார் மந்தை முதலில் நீர் குடிப்பது என்று. நான் கவணால் கல் எறிந்தேன். கல் அலாலின் இடக்கண்ணில் பட்டுவிட்டது. கண் போய்விட்டது."

மூஹாவின் முகம் வெளுத்தது. "அலாலா? தலைவர் ஸாயிதின் தம்பியா?"

"ஆமாம். அன்றிலிருந்து குகைகளில் ஒளிந்து கிடந்தேன். தெற்கே என் தாய்மாமன் வீட்டுக்குப் போகிறேன். அவர்கள் என் பின்னாலேயே வருகிறார்கள்."

மூஹா மனைவியை ஆட்டுக்கொட்டிலுக்குள் இழுத்துப் போனான். "பெண்ணே, நம் ஆடுகள் மேய்வது ஸாயிதின் மேய்ச்சல் நிலத்தில். இவனை இப்போதே பின்வழியாக அனுப்பிவிடு."

"இந்தப் பனியிலா? அனுப்பினால் செத்துப்போவான்."

"வைத்திருந்தால் நாம் சாவோம்!"

"மூன்றாவதைக் குடித்துவிட்டான், மூஹா" என்றாள் ஹத்தா.

வெளியே நாய் குரைத்தது.

ஸாயித் வந்திருந்தான். அகன்ற தோள், நரைத்த தாடி, இடுப்பில் குறுவாள். பின்னால் அவன் உறவினர் சிலர். அவர்களுக்கும் பின்னால், இடக்கண்ணைத் துணியால் மறைத்த அலால். எல்லார் தோளிலும் பனி படிந்திருந்தது.

முதலில் ஸாயித் இனிமையாகப் பேசினான். "ஹத்தா, இந்த மலையின் பெருமை நீ. உன் வீட்டுக்கு அழுக்கு ஒட்டவேண்டாம். அவனை வெளியே அனுப்பு."

"என் வீட்டில் அழுக்கு எதுவும் இல்லை ஐயா. விருந்தாளிதான் இருக்கிறான்" என்றாள் அவள்.

இரண்டாவதாக ஆசை காட்டினான். "வலுவான கோவேறு கழுதைகள் இரண்டு தருகிறேன். அவனைத் தா."

"எடுத்துத் தருவதற்கு அவன் என் பொருளா ஐயா? இறைவன் அனுப்பியவன்."

மூன்றாவதாக மிரட்டினான். "நாளையிலிருந்து உன் ஆடு ஒன்றுகூட என் மண்ணில் கால் வைக்காது. பசியில் கத்திச் சாகட்டும்."

ஹத்தா ஆட்டுக்கொட்டிலின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்போது அவள் பின்னாலிருந்து மூஹா வந்தான். வாசலை அடைத்துக்கொண்டு மனைவியின் பக்கத்தில் நின்றான்.

"ஆடுகள் சாகட்டும் தலைவரே" என்றான். "இந்த வாசலின் சொல் சாகவேண்டாம்."

குறுவாள் உறையிலிருந்து பாதி வெளியே வந்தது. காற்று ஊளையிட்டது. அந்த நேரத்தில் ஹத்தா என்ன செய்தாள் தெரியுமா? வாசலிலிருந்து ஒதுங்கி, இரண்டு கைகளையும் விரித்தாள்.

"நீங்களும் என் வாசலுக்குத்தானே வந்திருக்கிறீர்கள். உங்கள் தோளிலும் பனி இருக்கிறது. மர்ஹபா! உள்ளே வாருங்கள்."

ஸாயித் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "உன் தந்திரம் தெரியும். மூன்றாவது குவளை உள்ளே போனால் எங்கள் கை கட்டப்பட்டுவிடும்."

"அப்படியானால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது உங்கள் விருப்பம். குளிருக்கும் களைப்புக்கும் குடிப்பதில் என்ன குற்றம்?"

ஸாயித் யோசித்தான். அவன் யோசிக்கும்போதே அலால் அவனைத் தாண்டி உள்ளே நுழைந்தான். "அண்ணா, குளிரில் கண் குழி வலிக்கிறது" என்றான். தம்பி போனபின் அண்ணன் வெளியே நிற்பானா? குறுவாளை உறையில் தள்ளிவிட்டு அவனும் வந்தான். மற்றவர்களும் வந்தார்கள்.

பாஸு மூலையில் எழுந்து நின்றான். ஓடவில்லை, ஓட இடமும் இல்லை. உட்காரும்படி ஹத்தா கண் காட்டினாள்.

மீண்டும் கெண்டி, மீண்டும் கரி, மீண்டும் புதினா. முதல் குவளையை எல்லாரும் குடித்தார்கள். உறிஞ்சும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

இரண்டாவது குவளை வந்தது. அந்த நாட்டில் ஒரு மரியாதை உண்டு: வந்தவர்களில் யாரைப் பெரிதாக மதிக்கிறார்களோ, அவரைத் தேநீர் ஊற்றச் சொல்வார்கள். ஹத்தா கெண்டியை அலாலிடம் நீட்டினாள். வலியோடு வந்தவனுக்கு மரியாதை செய்யவேண்டும் என்பது மட்டும்தான் அவள் எண்ணம். மேலே என்ன நடக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

அலால் கெண்டியை வாங்கினான். ஒருகாலத்தில் திருமண வீடுகளில் அவனைத் தேடிப்பிடித்து ஊற்றச் சொல்வார்களாம். கையை உயர்த்தினான். தேநீர் இறங்கியது, குவளைக்குள் அல்ல. குவளைக்கு வெளியே தாம்பாளத்தில் விழுந்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி ஊற்றினான். மறுபடியும் தாம்பாளத்தில்தான் விழுந்தது.

ஹத்தா தலைகுனிந்தாள். ஸாயிதின் கை இடுப்புக்குப் போனது. அவன் பார்வை மூலையில் இருந்தவன்மேல் கத்தியாகப் பாய்ந்தது.

அலால் விடவில்லை. மூன்றாம் முறை கெண்டியை உயர்த்தினான்.

அப்போது பாஸு எழுந்து வந்தான். தாம்பாளத்தின் எதிரே முழங்காலிட்டான். குவளையைக் கையில் எடுத்து, தேநீர் எங்கே விழுகிறதோ அங்கே கொண்டுபோய்ப் பிடித்தான். தாரை ஆடியது, அவன் கையும் கூடவே ஆடியது. பாதி குவளைக்குள் விழுந்தது, பாதி அவன் விரல்மேல் விழுந்தது. கொதிக்கக் கொதிக்க இருந்த தேநீர். தோல் சிவந்தது. கை விலகவில்லை. குவளை நிறைந்தது, நுரை கட்டியது.

அலால் கெண்டியை இறக்கினான்.

"சுடவில்லையா?"

"சுடுகிறது."

"பின் ஏன் கையை எடுக்கவில்லை?"

"எடுத்தால் சிந்திவிடும்."

பிறகு அலால் கேட்டான், "அன்றைக்குக் கல்லை என்மேல் குறிவைத்தாயா?"

"ஆட்டை விரட்டத்தான் கவணைச் சுழற்றினேன். கல்லை விடும் நேரத்தில் உன்னைப் பார்த்தேன். கோபமாக இருந்தேன். தெரியாமல் நடந்தது என்று சொன்னால் அது பொய்."

"கேட்டாயா தம்பி!" என்று ஸாயித் துள்ளி எழுந்தான். அலால் கையை உயர்த்தி அவனை நிறுத்தினான்.

ஹத்தா எழுந்து மற்றவர்களுக்கும் இரண்டாவதை ஊற்றினாள். அது முடிந்ததும் மூன்றாவது குவளையை ஊற்றி ஒவ்வொருவர் முன்னும் வைத்தாள். "குடியுங்கள்" என்று சொல்லவில்லை. விலகிப்போய்க் கரியைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அலால் குவளையைப் பார்த்தபடி பேசினான். "அண்ணா, நீ இவனைக் கொன்றால் என் கண் திரும்பி வருமா? எனக்கு இடப்பக்கம் இருட்டு. மலையில் பள்ளம் எப்போதும் அந்தப் பக்கம்தான் இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஆடு அந்தப் பக்கம்தான் தவறிப் போகிறது. செத்தவன் எனக்கு வழி காட்டமாட்டான்." பிறகு பாஸுவின் பக்கம் திரும்பினான். "பனி உருகியதும் என்னோடு மேய்ச்சலுக்கு வா. என் இடப்பக்கம் நட."

"எவ்வளவு காலம்?" என்று கேட்டான் பாஸு.

"அந்தப் பக்கம் இருட்டாக இருக்கும்வரை."

பாஸு தலைகுனிந்து, வெந்த கையை நெஞ்சில் வைத்தான். அலால் குவளையை எடுத்து, "பிஸ்மில்லா" என்று இறைவன் பெயர் சொல்லிக் குடித்தான். உறவினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். ஸாயித் மட்டும் குடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் குவளையில் நுரை அடங்கியது, ஆவி அடங்கியது.

"ஆறிவிட்டதே ஐயா. வேறு ஊற்றட்டுமா?" என்றாள் ஹத்தா.

ஸாயித் தம்பியைப் பார்த்தான். தம்பியின் பக்கத்தில், இடப்பக்கத்தில், பாஸு உட்கார்ந்திருந்தான். அவன் வெந்த விரல்களுக்கு மூஹா வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஸாயித் நீளமாக மூச்சு விட்டான்.

"ஊற்று தாயே" என்றான்.

அடுத்த கோடையில் அந்த மேய்ச்சல் நிலத்தில் ஹத்தாவின் ஆடுகளும் மேய்ந்தன. மலைச்சரிவில் இரண்டு இடையர்கள் சேர்ந்து நடப்பதை எல்லாரும் பார்த்தார்கள். முதல் கோடையில் அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. "கல் இருக்கிறது", "பள்ளம் வருகிறது", அவ்வளவுதான். இரண்டாவது கோடையில் சண்டை போட்டுக்கொண்டார்கள், ஊற்றில் யார் ஆடு முதலில் குடிப்பது என்றுதான்! மூன்றாவது கோடையில் அவர்களுடைய சிரிப்புச் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்ததாம்.

ஆகவே கேட்பவர்களே, இதை மனத்தில் வையுங்கள்: வந்தவன் யாரென்று கேட்பதற்கு முன்னே அவனை உட்காரவைத்து உபசரிக்கும் வீட்டில், பகையும் ஆயுதத்தைக் கீழே வைத்து உறவாகி எழும்.