மேல்காற்று இறங்கிய நாள்

தென்துருவத்துக் கோடை. சூரியன் மறையாத பனிமலைகளுக்கு நடுவே, கல்லும் மணலுமாய் வறண்ட ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு பேர் கூடாரம் போட்டிருந்தார்கள். குரு, பேராசிரியை மீனலோசனி. சீடர், அவரைவிடப் பத்து வயது மூத்த சிவனணைந்தான். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அதனால் குருதான் சீடரை ‘சார்’ என்பார். கேட்டுச் சிரிக்க அங்கே ஆள் இல்லை.

ஓடைப் படுகையில் கறுத்துக் காய்ந்து கிடந்த பாசி, தண்ணீர் பட்டால் உயிர்க்குமா என்பதுதான் சீடரின் ஆராய்ச்சி. மேற்கே இருந்த பனிப்பாளம் உருகினால்தான் ஓடையில் தண்ணீர். கோடையே முடியப்போகிறது, ஒரு சொட்டு வரவில்லை. மறுநாள் ஹெலிகாப்டர் வந்து கூட்டிப்போய்விடும். மனிதர் கவலையில் பாதியாகிவிட்டார்.

தேநீர் குடிக்குமுன் எதற்காவது நன்றி சொல்வது குருவின் வழக்கம். சீடர் தினமும் கடற்காற்றுக்கே சொன்னார். வெயில் ஏறினால் கிழக்கிலிருந்து மெல்ல வரும், சாதுவான காற்று.

அன்று மேற்கிலிருந்து பெருங்காற்று அடித்தது. கூடாரக் கயிறு அறுந்தது. தேநீரில் மணல் விழுந்தது. சீடர் கூடாரத்தின் மேல் குப்புற விழுந்து அமுக்கிக்கொண்டு கத்தினார்.

“நாசமாப் போற மேகாத்து! எங்க ஊர்ச் செம்மணல் தேரிக்காட்டுலயும் இப்படித்தான் மேடம், ஆடி மாசம் சோத்துல மண்ணள்ளிப் போடும். இங்கயுமா வரணும்?”

குரு கையுறைகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“குளிரலயா மேடம்?”

“நீங்களும் கழட்டிப் பாருங்க சார்.”

கழற்றினார். காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

“என்ன மேடம் இது?”

“உங்க ஊர்ல மேற்கேயிருந்து வர்றதால மேல்காத்து. இங்க நிஜமாவே மேலேயிருந்து வருது. மலை உச்சியிலேருந்து இறங்க இறங்கச் சூடாயிடும்.”

சற்று நேரத்தில் கற்களுக்கிடையே சலசலவென்று சத்தம் கேட்டது. சீடர் கூடாரத்தை மறந்து ஓடினார். குருதான் பாய்ந்து அதைப் பிடித்தார்.

ஓடையில் தண்ணீர். சருகாய்க் கிடந்த பாசி அதை உறிஞ்சி உப்பியது. கறுப்பின் ஓரத்தில் பச்சை தெரிந்தது. சீடர் மண்டியிட்டு அழுதார்.

திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

“மேடம், கடற்காத்துதான் சில்லுன்னு வீசிப் பனியை உருகவிடாம வச்சிருக்கு. அது தெரியாம தினமும் அதுக்குப் போய் நன்றி சொன்னேனே! திட்டினதுக்கு இந்தக் காத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். அந்தக் கடற்காத்துக்குச் சொன்ன நன்றிய என்ன செய்ய?”

குரு கூடாரக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்.

“இருக்கட்டும் சார். இந்தத் தண்ணிய இன்னிக்கு வரைக்கும் கெட்டியா வச்சிருந்தது அதுதானே.”