இதுவரையாரும் இனித்த குளமும்

மலைச் சாலையின் ஏழாவது வளைவில் ஒரு குளம் இருந்தது. குளத்தங்கரையில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தை அண்டி ஒரு நரி இருந்தது.

போன வருடம் அந்த வளைவில் ஒரு டீக்கடை வந்தது. பேருந்துகள் அங்கே நின்றன. ஜன்னல்களிலிருந்து பன்னும் பிஸ்கட்டும் சிப்ஸும் பறந்து வந்தன. உட்கார்ந்த இடத்தில் தீனி கிடைத்தால் யார் மலை ஏறுவார்கள்? பெரும்பாலான குரங்குகள் காட்டுக்குள் போவதையே விட்டுவிட்டன. தழை தின்பது ஆட்டின் வேலை என்று பேசிக்கொண்டன.

டீக்கடை நாய்கள் என்றால் நரிக்கு நடுக்கம். சாலைப் பக்கம் அது தலை காட்டாது. "சிறுத்தை வந்தால் ஊளையிட்டுச் சொல்கிறேன்" என்று குரங்குகளிடம் சொல்லி வைத்திருந்தது. அதற்குக் கூலியாகத் தினமும் பாதி பன் அதன் வாய்க்குப் போனது. சிறுத்தை வந்தபோதெல்லாம் முதலில் ஓடியது நரிதான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குளத்தங்கரையில் ஒரு பட்ட மரம் நின்றது. அதில் ஒரு மரங்கொத்தி குடியிருந்தது. அதற்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணால் கண்டதை மரத்தில் கொத்தி வைத்துவிடும். தண்ணீர் குடிக்க வரும் குரங்குகளைப் பார்த்துப் பார்த்து அது இரண்டு வரிசை கொத்தியிருந்தது. காயும் தழையும் தின்கிற குரங்குகளுக்கு வலப்பக்கம். பன் மட்டுமே தின்கிற குரங்குகளுக்கு இடப்பக்கம். ஒரு குரங்குக்கு ஒரு துளை. ஈறு வீங்கிய குரங்கு என்றால் துளை ஆழம். நல்ல ஈறு என்றால் மேலாக ஒரு கொத்து.

ஒரு நாள் மரங்கொத்தி தன் மரத்தையே ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. பிறகு குரங்குகளைக் கூப்பிட்டுச் சொன்னது.

"நெல்லிக்காயும் கீரையும் தின்கிறவர்களுக்கு ஈறு வீக்கம் குறைவாக இருக்கிறது. இதுவரை தெரிந்தது இவ்வளவுதான்."

குரங்குகள் கொட்டாவி விட்டன. ஆனால் பக்கத்தில் ஒரு மைனா இருந்தது. கேட்டதைக் கேட்டபடி சொன்னால் மைனாவுக்கு நாக்கு அரிக்கும். அது காடு முழுக்கப் பறந்து கத்தியது: "நெல்லிக்காய் தின்றால் நூறு வயது!"

இதைக் கேட்டுத் தலைவன் கடுவன் மலை ஏறியது. நூறு வயதை ஒரே நாளில் வாங்கிவிட நினைத்து அறுபது நெல்லிக்காய் தின்றது. மறுநாள் முழுக்க அது புதரை விட்டு வெளியே வரவில்லை.

அளவுக்கு மீறினால் வயிற்றைப் புரட்டும், நாளுக்கு இரண்டு மூன்று போதும் என்று மரங்கொத்தி சொன்னது. அதையும் ஒரு கொத்தாகப் பதித்து வைத்தது. மைனா மறுபடி பறந்தது: "நெல்லிக்காய் ஆபத்து! மரங்கொத்தியே சொல்லிவிட்டது!"

குரங்குகளுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? அந்தக் கோபத்துக்கு நரி விசிறி விட்டது.

"நேற்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சு. கேட்டால் 'இதுவரை, இதுவரை' என்று இழுக்கிறது. தெரிந்தவன் இப்படிப் பேசுவானா? என்னைப் பாருங்கள். நான் என்றைக்காவது சொன்னதை மாற்றியிருக்கிறேனா?"

உண்மைதான். நரி எதையும் மாற்றிச் சொன்னதில்லை. அன்றிலிருந்து மரங்கொத்திக்கு 'இதுவரையார்' என்று பட்டப்பெயர் விழுந்தது. அது மரத்தில் தட்டும் சத்தம் கேட்டாலே குட்டிகள் "இதுவரை, இதுவரை" என்று தாளம் போட்டன. மரங்கொத்திக்கு வருத்தம்தான். ஆனாலும் தட்டுவதை அது நிறுத்தவில்லை.

அந்தக் கூட்டத்தில் இலுப்பை என்று ஒரு மந்தி இருந்தது. அதன் மகள் குன்றி. டீக்கடை வந்த பிறகு பிறந்த குட்டி. பன்னைத் தவிர வேறெதையும் தின்று அறியாதது. புரட்டாசி பாதியில் குன்றியின் ஈறில் ரத்தம் கசிந்தது. பிறகு முழங்கால் நொந்தது. பிறகு கிளையைப் பிடித்தால் பிடி நழுவியது.

இலுப்பைக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. காரணம் உண்டு. ஐப்பசி மழை இறங்கினால் குளத்தை ஒட்டி ஓடும் ஓடை பெருகிவிடும். சிறுத்தை இந்தக் கரையில் வந்து ஒதுங்கும். அதனால் மழைக்கு முன்பே கூட்டம் முழுவதும் அக்கரை மருதமரத்துக்குத் தாவிவிடும். வருடா வருடம் அப்படித்தான். தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு தாண்டும் வயதைக் குன்றி கடந்துவிட்டது; அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் தாவ முடியாது. அது தானாகத்தான் தாண்ட வேண்டும். "தாண்ட முடியாதவர்களுக்காகக் கூட்டம் காத்திருக்காது" என்று கடுவன் முன்பே சொல்லிவிட்டது. இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

இலுப்பை யாருக்கும் தெரியாமல் பட்ட மரத்துக்கு வந்தது.

"அண்ணே, நெல்லிக்காய் குடுத்தா என் பொண்ணுக்குக் குணமாகுமா? உறுதியா சொல்லுங்க."

"உறுதியாகச் சொல்ல முடியாது, இலுப்பை. நான் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் குணமாகியிருக்கிறது."

"பெரும்பாலோரை வச்சு நான் என்ன பண்றது? எனக்கு இருக்கிறது ஒரு பொண்ணு."

 மரங்கொத்தி மரத்தின் இரண்டு பக்கத்தையும் காட்டியது. இடப்பக்கம் ஆழமான துளைகள் மண்டிக் கிடந்தன. வலப்பக்கம் ஆழமான துளை மூன்றே மூன்று. இலுப்பை வெகுநேரம் பார்த்தது. பிறகு மலை ஏறி மூன்று நெல்லிக்காய் பறித்து வந்தது.

குன்றி ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது. "புளிக்குதும்மா, துவர்க்குதும்மா" என்று அழுதது. இலுப்பை கெஞ்சியும் மிரட்டியும் தின்ன வைத்தது. பிறகு வாய் கழுவக் குளத்துக்குக் கூட்டிப் போனது. ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் குட்டியின் கண் விரிந்தது.

"அம்மா, குளம் இனிக்குது!"

நான்கு நாள் இப்படி நடந்தது. ஈறில் ரத்தம் நின்றது. குன்றி தாழ்ந்த கிளையில் ஒரு முறை தொங்கியும் பார்த்தது. பக்கத்து மந்திகள் என்ன செய்தாய் என்று கேட்க ஆரம்பித்தன.

விஷயம் நரியின் காதுக்குப் போனது.  எல்லோரும் நெல்லி மரத்துக்குப் போய்விட்டால் பாதி பன் யார் தருவார்கள்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, அது ஓடி வந்து குன்றியைக் கொஞ்சியது. என்ன தின்றாய், என்ன குடித்தாய் என்று விசாரித்தது. குளம் இனித்தது என்று குட்டி சொன்னதும் அதன் வால் நிமிர்ந்தது.

"கேட்டீர்களா? குழந்தை பொய் சொல்லுமா? இனிப்பது குளம். குணமாக்கியதும் குளம். நெல்லி தின்றவர்கள் எல்லோரும் அப்புறம் தண்ணீர் குடித்தார்களா இல்லையா? அந்தத் தண்ணீர்தான் மருந்து. இதற்குப் போய் ஏன் மலை ஏறிப் புளிப்பைத் தின்ன வேண்டும்? பன் தின்னுங்கள், குளத்தில் குடியுங்கள்."

கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! மலை ஏற வேண்டாம். புளிப்பு வேண்டாம். குரங்குகள் குளத்தில் வாய் வைத்து வயிறு முட்டக் குடித்தன. அண்ணாந்து பார்த்து, "இனிக்கவில்லையே" என்றது ஒரு குரங்கு.

"நம்பாதவர்களுக்கு இனிக்காது" என்றது நரி.

அதன் பிறகு எல்லோருக்கும் இனித்தது. கடுவன் சப்புக்கொட்டியே குடித்தது. இலுப்பையும் மயங்கிவிட்டது. மகள் தினமும் அழுவதைப் பார்க்க எந்தத் தாய்க்குத்தான் பிடிக்கும்? நெல்லிக்காயை நிறுத்திவிட்டுக் குளத்துத் தண்ணீரை மட்டும் கொடுத்தது.

குன்றி ஒன்றுதான், "இப்ப இனிக்கலையேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து நாள் போனது. குன்றியின் ஈறில் மறுபடி ரத்தம் வந்தது. ஒரு பல்லும் விழுந்தது. அந்தப் பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு இலுப்பை பட்ட மரத்துக்கு ஓடியது. இந்த முறை ஒளிந்து போகவில்லை.

"மருந்து தண்ணி இல்லைன்னு நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணே! ஏன் வாயை மூடிட்டு இருந்தீங்க?"

மரங்கொத்தி தலையைத் தாழ்த்தியது. "எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இலுப்பை. நெல்லி தின்றவர்கள் எல்லோரும் தண்ணீர் குடித்தது நிஜம். ஒருவேளை தண்ணீர்தானோ என்று நினைத்தேன். தெரியாமல் எப்படிச் சொல்வது? அதனால் ஐந்து நாளாகப் பார்த்தேன். முன்பே சொல்லியிருந்தால் இந்தப் பல் இருந்திருக்கும். என் தப்புதான்."

அது மரத்தின் பின்பக்கம் புதிதாகக் கொத்திய இரண்டு வரிசையைக் காட்டியது. தண்ணீர் மட்டும் குடித்த பதினான்கு குரங்குகளுக்கு ஒரு வரிசை. பதினான்கும் ஆழமான துளைகள். இன்னொன்று மேல்காட்டுக் கூட்டத்துக்கு. அங்கே ஏழு குரங்குகள். அவை நெல்லி தின்கின்றன. குடிப்பது மலைச் சுனையில். குளத்துப் பக்கமே வந்ததில்லை. ஏழும் மேலோட்டமான கொத்துகள்.

"நெல்லி தின்ற வாய்க்கு எந்தத் தண்ணீரும் இனிக்கும். சுனையும் இனிக்கிறது, நானே அவர்களிடம் கேட்டேன். இனிப்பது குளம் இல்லை, இலுப்பை. இனிக்க வைப்பது நெல்லிக்காய்தான்."

இதற்குள் நரியும் கடுவனும் அங்கே வந்துவிட்டன. நரி இளித்தது. "பார்த்தீர்களா, தப்பு என்று தானே ஒத்துக்கொள்கிறது. இன்னுமா அதை நம்புகிறாய்?"

இலுப்பை திரும்பி நரியைப் பார்த்தது. பிறகு மரங்கொத்தியைப் பார்த்தது.

"அண்ணே, என்ன நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துப்பீங்க?"

"நீ நெல்லிக்காய் கொடுத்தும் பத்து நாளில் குன்றியின் ஈறு ஆறாவிட்டால், அவளுக்கு ஒரு ஆழமான துளை கொத்துவேன். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவேன்."

"நரியாரே, நீங்க?"

"நான் சொன்னது எப்படித் தப்பாகும்? பல் விழுந்தது என்றால் நீ சரியாக நம்பவில்லை என்று அர்த்தம்."

இலுப்பை கையிலிருந்த பல்லை ஒரு முறை பார்த்தது.  நேரே போய் மகளை முதுகில் தூக்கிக்கொண்டு மலை ஏறியது.

மழைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. இலுப்பை கீழே இறங்கவே இல்லை. காலையில் இரண்டு நெல்லிக்காய், மாலையில் ஒன்று, நடுவில் மேல்காட்டுக் குரங்குகள் காட்டிய கீரை. குன்றி அழுதுகொண்டே தின்றது. கடைசி நாட்களில் அழாமல் தின்றது.

பன்னிரண்டாம் நாள் மேகம் திரண்டது. மேலே பெய்த மழையில் ஓடை சிவந்த நீரோடு இரைந்தது. குரங்குகள் ஒவ்வொன்றாக அக்கரை மருதமரத்துக்குத் தாவின. குன்றியின் பல் விழுந்ததைக் கேட்டு அங்கங்கே தழை கடிக்கத் தொடங்கியவை எப்படியோ தாண்டிவிட்டன. இலுப்பை தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தது. 

குன்றி பாய்ந்தது. ஒரு கை நழுவியது. இன்னொரு கை கிளையைப் பிடித்தது. பிடித்தது பிடித்தபடியே இருந்தது. இலுப்பை அதை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதது.

"குன்றிக்குச் சிறகு முளைத்துவிட்டது!" என்று மைனா கத்திக்கொண்டே பறந்தது.

கடைசியாகக் கடுவன் தாவியது. அதுவும் கிளையைப் பிடித்தது. ஆனால் விரல்களில் பலம் இல்லை. தொப்பென்று ஓடையில் விழுந்து, தண்ணீர் குடித்து, தத்தளித்து, புறப்பட்ட கரையிலேயே வந்து ஏறியது. அந்தத் தண்ணீரும் இனிக்கவில்லை. அதோடு தாண்ட முடியாமல் இன்னும் இரண்டு குரங்குகள் நின்றன. அப்போது புதருக்குள் சிறுத்தை உறுமியது. ஊளையிட வேண்டிய நரி, இரண்டு வளைவுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று குரங்குகளும் பட்ட மரத்தில் முண்டியடித்து, சிறுத்தையின் எடை தாங்காத உச்சிக்கு ஏறின. மரங்கொத்தி அப்போதுதான் குன்றிக்கு ஒரு துளை கொத்திக்கொண்டிருந்தது. மேலாக ஒரு கொத்து.

"மழை நின்று ஓடை வடிந்ததும் நாங்களும் தாண்ட வேண்டும்" என்றது கடுவன்.  "நெல்லிக்காய் தின்றால் எங்களுக்குக் குணமாகுமா?"

"பெரும்பாலும் ஆகும். இதுவரை தெரிந்தது இவ்வளவுதான்."

கடுவன் சிரிக்கவில்லை. சிறுத்தை நகரும் வரை காத்திருந்து, நாளுக்கு எத்தனை என்று மறுபடி கேட்டுக்கொண்டு மலை ஏறியது.

புதிதாகக் கண்டதைக் கொண்டு தன் சொல்லைத் திருத்திக்கொள்பவரை நம்பலாம். எதைக் கண்டாலும் தன் சொல்லை மாற்றாதவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.