பூசானில் கப்பலேறிய கூந்தல்

ஏற்றுமதி செய்கிறேன் என்று வாயைத் திறந்தாலே கொரிய அரசாங்கம் கஜானாவைத் திறந்துவிட்ட காலம் அது. பூசான் துறைமுகத்தருகே மா தோங்-சிக் என்பவர் விக் தொழிற்சாலை நடத்தினார். நிலம் அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. இயந்திரங்கள் தவணையில் வந்தவை, ஜாமீன் அரசாங்கம். ஊர் ஊராகப் போய் முடி வாங்கியது வங்கிக் கடனில். அந்த வங்கியிலோ ஜனங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு. மனிதர் சொந்தமாகக் கொண்டுவந்தது கோட்டும் டையும்தான்.

அந்த வருஷம் அரசாங்கம் ஒரு பதக்கம் அறிவித்தது. ‘தன் சொந்தச் சரக்கைக் கப்பலேற்றியவருக்கு’ என்பது அறிவிப்பின் வாசகம். பதக்கம் பெறுபவருக்கே கப்பல் கட்டும் தளம் தொடங்க அனுமதி. ஆனால் விதித்த இலக்கு முழுவதும் வருஷ முடிவுக்குள் துறைமுகத்தைத் தாண்டியாக வேண்டும்.

டிசம்பரில் ஒரு பெட்டி குறைந்தது. சந்தையில் முடி இல்லை. மா தன் தொழிலாளிப் பெண்கள் முன் வந்து நின்றார்.

“தங்கச்சிகளா, நாட்டுக்காகக் கேக்கறேன். உங்க முடியைக் கொடுங்க.”

கேட்கிறாராம்! கத்தரிக்கோலை முன்பே மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் கேட்டார். மறுப்பவளுக்கு மறுநாள் வேலை இருக்காது.

ஓக்-நம் என்ற பெண்ணுக்கு வசந்தத்தில் கல்யாணம். கொண்டை முடிந்து அதில் நீளமான ஊசி செருகித்தான் அந்த ஊர் மணப்பெண் மணமேடைக்கு வருவாள்.

“கல்யாணம் முடிஞ்சதும் வெட்டிக்கறேன் சார்” என்று கெஞ்சினாள்.

“உன் கல்யாணத்துக்காகக் கப்பல் காத்துக்கிட்டு நிக்குமா?” என்றார், தொழிற்சாலைக்கு வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்த அதிகாரி பியோன்.

பின்னல்கள் விழுந்தன. பெட்டி நிறைந்தது, கப்பல் போனது. ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள்.

பதக்க விழாவுக்கு ஓக்-நம் தலையில் துணி கட்டிக்கொண்டு போனாள்.

“அந்தப் பெட்டி இல்லாம பதக்கம் ஏது? அதுல இருக்கறது எங்க முடி. பதக்கம் எங்களுக்குத்தான்” என்றாள்.

“நான் கடன் வாங்கித் தரலேன்னா தொழிற்சாலையே கிடையாது. எனக்குத்தான்” என்று பியோன் குறுக்கே புகுந்தார்.

மா சிரித்தார். “முடி பெத்தவங்க கொடுத்ததுன்னுதானே நம்ம ஊர்ல சொல்லுவாங்க? அப்போ நீயும் இரவல் சரக்கைத்தானம்மா ஏத்தியிருக்கே!”

கதையைக் கேட்டவர்களே, அறிவிப்பின் வாசகப்படி அந்தப் பதக்கம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ஓக்-நமுக்கும் அவளோடு முடி இழந்த பெண்களுக்கும். பியோன் கொடுத்தது ஊரார் பணம். அவர் எந்தச் சரக்கையும் ஏற்றவில்லை. மாவோ தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். ‘நீ’ என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பார், ‘நீயும்’ என்றார். தன்னுடையது இரவல் என்று அந்த ஓர் ‘உம்’மிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். பெற்றவர்கள் கொடுத்ததோ இரவல் அல்ல. அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் பதக்கம் மாவின் கோட்டில்தான் ஏறியது. நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. கப்பல், சிமெண்ட், கார் என்று அவர் கம்பெனி நாட்டையே வளைத்துக்கொண்டது. ஓக்-நமின் முடியும் வளர்ந்தது. கொண்டை போடும் நீளம் வந்தபோது, அந்த மாப்பிள்ளைக்கு இரண்டு குழந்தைகள்.