தேய்ந்துபோன இசட்

"மிஸ், ரிஸ்வானாவுக்கு மட்டும் எப்படி மிஸ் கை அப்படிப் பறக்குது?"

பத்தாம் வகுப்பு முத்துக்கனி கேள்வி போலத்தான் கேட்டாள். வயிற்றெரிச்சல் குரலிலேயே தெரிந்தது.

கம்ப்யூட்டர் டீச்சர் ஜெபசெல்வி ஒயரைச் சுற்றிக்கொண்டே, "அவ வீட்ல லேப்டாப் இருக்கோ?" என்றார்.

"இல்ல மிஸ். அதான் இன்னும் எரியுது."

மாவட்டக் கணினிப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் போகும். இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். முத்துக்கனிக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை.

"அவ உக்கார்ற கம்ப்யூட்டர் ராசியானது மிஸ். என்னோடதை நான் எப்படி வச்சிருக்கேன், பாருங்க. நீங்க ஒட்டுன எழுத்துல ஒண்ணுகூடத் தேயல."

அது உண்மைதான். பள்ளிக்கு வந்த பழைய கீபோர்டுகளில் எழுத்தெல்லாம் அழிந்து கிடந்ததால், ஜூன் மாதம் மிஸ்தான் துண்டுக் காகிதங்களில் எழுதி, டேப் போட்டு ஒட்டினார். முத்துக்கனி தன்னுடையதைச் சாமி படம் போலக் காத்தாள். ஆயுத பூஜைக்குக் குங்குமம்கூட வைத்தாள். எதைத் தொடுமுன்னும் கையைத் தூக்கி, "அமுக்கட்டுமா மிஸ்?" என்பாள்.

"சரி, இன்னைக்கு ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருங்க" என்றார் மிஸ்.

ரிஸ்வானா மறுபேச்சில்லாமல் எழுந்து போனாள். ராசி இனி நம் பக்கம் என்று முத்துக்கனி உட்கார்ந்தாள்.

பள்ளித் தோட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் அடிக்க வேண்டும். பாதியில் விரல் எங்கோ பட்டது. அடித்ததெல்லாம் காணாமல் போனது.

"மிஸ்..."

கை தூக்கியபடியே இருந்தது. ஜன்னலோரம் நின்ற மிஸ் திரும்பவே இல்லை.

தப்பாகிவிட்டால் கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கு, போனது திரும்பி வரும் என்று முதல் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. இசட்டைத் தேடினாள்.

கீழ் வரிசை ஓரத்தில், இசட் இருக்க வேண்டிய விசை மொட்டையாக இருந்தது. காகிதமும் இல்லை, டேப்பும் இல்லை. கண்ட்ரோலுக்கும் அதே கதி. மற்ற எழுத்தெல்லாம் மங்கினாலும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன.

ஜீப்ராவுக்கும் ஜூவுக்கும் மட்டும் வருகிற எழுத்து. ரிஸ்வானா என்ன, தினமும் ஜீப்ராவைப் பற்றியா எழுதினாள்?

யாரையும் கேட்காமல் அமுக்கினாள். தோட்டம் திரும்பி வந்தது.

காகிதம் தேய்ந்து போகிற அளவுக்கு ரிஸ்வானா இதை எத்தனை தடவை அமுக்கியிருப்பாள்!

மறுகோடியிலிருந்து ரிஸ்வானா கேட்டாள். "முத்து, உன் கீபோர்டு புதுசாடி?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். முத்துக்கனிக்குச் சுருக்கென்றது.

மணி அடித்ததும் மிஸ் காகிதமும் டேப்பும் கொண்டுவந்து கொடுத்து, போன எழுத்துகளை எழுதி ஒட்டச் சொன்னார். போட்டிக்கு யார் பெயரை அனுப்பலாம் என்று முத்துக்கனியையே கேட்டார்.

"ரிஸ்வானா பேரையே அனுப்புங்க மிஸ்."

சொல்லும்போதும் எரிந்தது.

இரண்டையும் ஒட்டி முடித்தாள். பிறகு இன்னொரு துண்டு கிழித்து, அதிலும் இசட் எழுதிப் பைக்குள் வைத்தாள்.

"அது எதுக்கு?"

"என் கீபோர்டுக்கு மிஸ்."

"உன்னோடது தேயவே இல்லையே."

"தேயும் மிஸ்."