நாலாவது விளக்கு

வேலூரில், மூடிக் கிடக்கும் ஒரு தோல் மண்டிக்குப் பின்னால் பளுதூக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவள் சவுந்தரவல்லி. பெண்தானே, மேடம் என்று கூப்பிடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கூடத்தில் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான்.

அவளிடம் பயிற்சி எடுப்பவர்களில் கோகிலவாணி மட்டும் அவளைவிட ஒரு வயது மூத்தவள். அதனால் மாஸ்டர் அவளை அக்கா என்பாள். அக்காவோ மாஸ்டரை நீங்க, வாங்க என்பாள். இதில் அவர்கள் இருவருக்கும் குழப்பம் எதுவும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான்.

கோகிலா பல நாடுகளுக்குப் போய்ப் பளு தூக்கியவள். நடுவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒதுங்கியிருந்தாள். பிறகு திரும்பி வந்தாள். திரும்பி வந்தபின் அவளுக்குக் கிடைத்த முதல் சர்வதேசப் போட்டி தாஷ்கண்டில். வெண்கலம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வெறுங்கையோடு ஊர் வந்தாள்.

மறுநாள் காலை கூடத்துக்கு வந்தவள் ஷூ மாட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

போட்டிக்குச் சற்று முன்னால், வார்ம்-அப் அறையில், அணியோடு வந்திருந்த பளுதூக்கும் சங்கத்துச் செயலாளர் தணிகாசலம் பக்கத்தில் இருந்தவரிடம் ஒன்று சொன்னார். "பிள்ளை பெத்த உடம்பு. சும்மா ஊர் சுத்திப் பார்த்துட்டுப் போகட்டும்." கோகிலாவின் காதில் விழும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

கடைசி வாய்ப்பில் அவள் நூற்றுப் பத்து கிலோ கேட்டிருந்தாள். அதுவரை எந்த மேடையிலும் தூக்காத எடை. எடை மாட்டிய இரும்பு பார் தோளுக்கு வந்தது. தலைக்கு மேல் போனது. முழங்கை மடங்கவில்லை. எழுந்து நின்றாள்.

பளுதூக்குதலில் அது போதாது. பார் தலைக்கு மேல் இருக்க, ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் நடுவர்கள் 'டவுன்' என்று இறக்கச் சொல்லிச் சிக்னல் கொடுப்பார்கள். அதற்கு முன் பாரைப் போட்டுவிட்டால் தூக்கவே இல்லை என்று கணக்கு. நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் தெரிந்த விதி இது.

கோகிலா பாரைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு கூட்டத்தில் தேடினாள். இரண்டாம் வரிசையில் தணிகாசலம் இருந்தார். அவர் கண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பாரைக் கீழே போட்டாள். மேடை அதிர்ந்தது.

சிக்னல் இன்னும் வந்திருக்கவில்லை. மூன்று நடுவர்களின் விளக்குகளும் சிவப்பாக எரிந்தன.

"நூத்திப் பத்து கிலோ என் தலைக்கு மேல இருந்துச்சு மாஸ்டர். அரங்கமே பார்த்துச்சு. வீடியோ இருக்கு. மேல போனதைப் போகவே இல்லன்னு எப்படிச் சொல்லுவாங்க? இது நியாயமா?"

"நியாயம் இல்ல" என்றாள் மாஸ்டர்.

மறுப்பு வரும் என்று எதிர்பார்த்து வந்தவள் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள்.

"அப்ப அந்த ஆள் சொன்னது?"

"அது அதைவிட அநியாயம்."

அடுத்த மாதம் ஆசியப் போட்டிக்கு அணி எடுக்கிறார்கள். அந்தத் தேர்வில் நூற்றுப் பத்தைத் தூக்கினால் கோகிலாவின் பெயர் அணியில் இருக்கும். தூக்காவிட்டால், இந்த வயதில் அவளை இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. இது அவளுக்கும் தெரியும். ஆனால் தணிகாசலம் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், அந்த ஆளுக்கு முன்னால் போய் நிற்பதே அவர் சொன்னதை ஒப்புக்கொண்ட மாதிரி, அதனால் போகப்போவதில்லை என்றாள். காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். எல்லாமே சரியான காரணங்கள்.

மாஸ்டர் கடைசிவரை கேட்டாள்.

"போகலன்னா என்ன ஆகும்க்கா?"

"என் மானமாவது மிஞ்சும்."

"ஊர் சுத்திப் பார்த்துட்டு வீட்டுக்குப் போயாச்சுன்னு அவர் சொல்லுவார். அதையும் நீயே அவருக்கு எடுத்துக் கொடுக்கிற."

கோகிலா தரையைப் பார்த்தாள்.

"அவர் மேல புகார் எழுதுவோம். முதல் கையெழுத்து நான் போடறேன். அது ஒரு வேலை. பார் இன்னொரு வேலை. ஷூவை மாட்டு."

கூடத்தில் ஒரு பழைய பார் உண்டு. பிளேட்டுகளைப் பிடித்து நிறுத்தும் காலர் தேய்ந்துபோனது. எவ்வளவு இறுக்கினாலும் பிளேட்டுகள் தளர்ந்து ஆடும். அதைத்தான் மாஸ்டர் எடுத்துவரச் சொன்னாள். நடுத்தரமான எடையை ஏற்றினாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கோகிலாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். தணிகாசலம் செய்வதுபோல இடுப்பு பெல்ட்டை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். அவர் குரலிலேயே சொன்னாள்.

"பிள்ளை பெத்த உடம்பு. சும்மா ஊர் சுத்திப் பார்த்துட்டுப் போகட்டும்."

பக்கத்து மேடையில் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

கோகிலா தூக்கினாள். தலைக்கு மேல் நிறுத்தினாள். மாஸ்டரின் முகத்தையே பார்த்தாள். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பிளேட்டுகள் கடகடவென்று ஆடின. கோகிலாவின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. மாஸ்டர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டாள்.

கோகிலா பாரைப் போட்டுவிட்டாள்.

"நான் டவுன் சொல்லலியே."

"நீங்க சொல்றதாவே இல்ல. எவ்வளவு நேரம்தான் வச்சுக்கிட்டு நிக்கிறது?"

"பிளேட் இன்னும் ஆடிக்கிட்டு இருந்துச்சேக்கா."

மாஸ்டர் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். இப்போது அவள் முதுகு கோகிலாவின் பக்கம் இருந்தது. மறுபடி தூக்கச் சொன்னாள். திரும்பி உட்கார்ந்துகொண்டால் நான் நின்றது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கோகிலா கேட்டாள்.  மாஸ்டர் அதே வார்த்தைகளை, அதே குரலில், எதிரில் இருந்த சுவரிடம் சொன்னாள்.

கோகிலா தூக்கினாள். பார்ப்பதற்கு முகம் இல்லை. ஒரு பின்னல் மட்டும் தொங்கியது. பிளேட்டுகள் கடகடத்தன. ஒரு பாதத்தை அரை அங்குலம் நகர்த்தினாள். சத்தம் குறைந்தது. மூச்சை அடக்கினாள். இன்னும் குறைந்தது. பிறகு இல்லை. வெளியே ஏதோ ஒரு ஆட்டோ கியர் மாற்றுவது கேட்டது.

"டவுன்" என்றாள் மாஸ்டர், திரும்பாமலே.

கோகிலா பாரை இறக்கினாள். வீசவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் கேள்வி இன்னும் தீரவில்லை.

"கோபமே படக் கூடாதுங்கிறீங்களா?"

"கோபம் இல்லாம நூத்திப் பத்தை யாரால தூக்க முடியும்?"

"இங்க நீங்க முதுகைக் காட்டி உட்கார்ந்துட்டீங்க. அங்க அவர் முகத்தைக் காட்டித்தான் உட்காருவார். அந்த வார்த்தை என் மண்டைக்குள்ள வரும்."

"வரட்டும். நாற்காலி எத்தனையோ கிடக்கு, உட்காரட்டும். நடுவர் மூணு பேர், விளக்கு மூணு. நாலாவது ஒரு விளக்கை அவர் கையில கொடுத்தது யாரு, அக்கா?"

 அந்த மாதம் முழுவதும் கோகிலா தேய்ந்த காலர் பாரில்தான் பயிற்சி செய்தாள்.

புகாரைத் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். முதல் கையெழுத்து மாஸ்டருடையது. தணிகாசலத்துக்கு விஷயம் எட்டியிருந்தது. தேர்வு நாளன்று அவர் சீக்கிரமே வந்து முன்வரிசையில் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டார். கோகிலாவின் பெயரை அழைத்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

கடைசி வாய்ப்பு. நூற்றுப் பத்து. பார் தோளுக்கு வந்தபோது கோகிலா ஒருமுறை தள்ளாடினாள். மூச்சு வாங்கினாள். தலைக்கு மேல் கொண்டுபோனாள். பிரிந்து நின்ற கால்களில் முன்னால் இருந்த கால் பின்னால் வந்தது. பின்னால் இருந்த கால் முன்னால் வந்து அதனோடு சேர்ந்தது. அரங்கில் ஒருவர் கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். அவள் நின்றாள். இன்னும் நின்றாள்.

சிக்னல் வந்தது. மூன்றும் வெள்ளை.

அணியில் அவள் பெயரை அறிவித்தபின் இருவரும் அரங்கத்துக்கு வெளியே வந்தார்கள். எதிர்ச் சாரியில் டீக்கடை. கோகிலா மகளுக்குப் போன் செய்து பேசினாள். டீ டம்ளரை வாங்கிக் குடிக்காமலே பெஞ்சில் வைத்துவிட்டாள்.  பிறகு அடக்க முடியாமல் கேட்டாள்.

"நான் அந்தப் பக்கமே பார்க்கல மாஸ்டர். அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

மாஸ்டர் டீயை ஊதிக் குடித்தாள்.

"தெரியலக்கா. நான் உன்னைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."