அரை கிராம்

இளவழகனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ராணுவத்துக்காகக் கூட்டமாய்ப் பறக்கும் குட்டி ட்ரோன்களின் ரேடியோவைப் புளியங்கொட்டை அளவுக்குச் சுருக்கிய கெட்டிக்காரர். மார்தட்டிக்கொள்ள வேண்டிய மனிதர், மூன்று வாரமாகப் பொட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தார். சனிக்கிழமை காலை தன் குரு வடிவாம்பிகையின் ஆசிரமத்துக்கு வந்தார். குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

கொண்டுவந்த தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே உளுந்து அளவில் ஒரு கறுப்புச் சில்லு.

“என்ன இது?”

“ட்ரோனோட காதும்மா. கீழேயிருந்து ‘திரும்பி வா’ன்னு சொன்னா இதுதான் கேட்கும். எடையைக் குறைன்னு உயிரை வாங்கினாங்க. நூறுல பத்துக்குக் காது போதும், மத்தது பக்கத்துல பறக்கிறதைப் பார்த்துத் திரும்பிக்கும்னு தொண்ணூறுலேர்ந்தும் இதை எடுத்துட்டேன். ஏரியலோட சேர்த்து ஒண்ணுக்கு அரை கிராம் மிச்சம்.”

“அப்புறம்?”

“சோதனையில அந்தப் பத்தும் பலமா அடிச்ச காத்துல விழுந்துடுச்சு. அந்த நேரம் பார்த்து ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் குறுக்கே வந்துட்டார். திரும்பு, திரும்புன்னு அனுப்பறோம். தொண்ணூறும் போயிட்டே இருக்கு. பள்ளத்துல குப்புறப் படுத்து ஆள் பிழைச்சார். பத்துக் காதே போதும்னு திங்கள்கிழமை நான் கையெழுத்துப் போடணும். போடலைன்னா வேலை போயிடும். சுருக்கினது மட்டும்தானே நான்? ஏவுறது வேற யாரோ. பாவம் என்னையும் சேருமாம்மா?”

குரு சில்லை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். தீப்பெட்டியை அடுப்பில் போட்டார்.

“கையைத் திறக்காம வேலையைப் பாருங்க.”

இளவழகன் ஒற்றைக் கையால் தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தார். முருங்கைக்கீரை உருவ, காம்பைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நழுவிய மூக்குக்கண்ணாடியை முழங்கையால் ஏற்றினார். பந்தியில் பக்கத்திலிருந்தவர்தான் அவருக்கு இலையைப் பிரித்துப் போட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெயில் சாய்ந்தபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன.

“முடியலைம்மா. இதை இறக்கி வெச்சிடட்டுமா?”

“தாராளமா.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தரையில் வைத்தால் பெருக்குகிறவர் தள்ளிவிடுவார். சுவரோரமெல்லாம் எறும்பு. ஜன்னலில் காற்று.

“எங்கேம்மா வைக்கிறது?”

“எடுத்த இடத்துல,” என்றார் குரு. “அதுவரைக்கும் கையைத் திறக்காதீங்க.”